மாலைப் படம்

“இங்க மாலைப் படம் எடுக்குதது நீங்கதானா?”

“ஆமா.”

“என் வீட்டுக்காரிக்கு ஒண்ணு எடுக்கணும்.”

“எடுத்திருவோம். என்னைக்கு வருவாவ?”

“இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கு. அதுக்குள்ள முடியணும்.”

“அதுக்கு அப்புறம் என்ன?”

கேட்டவள் பெயர் கொரற்றி. நாற்பது வயதுகூட ஆகாதவள். கடற்கரையில் வலை உலர்த்தும் கொட்டகையின் ஓரத்தில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர் சுயம்புலிங்கம். ஐம்பத்தேழு வயது. விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

“அவளுக்கு வால்வு கோளாறு. திருவனந்தபுரத்துல ஆபரேஷன்.”

கொரற்றி துணியைக் கீழே வைத்தாள்.

“அண்ணாச்சி, நீங்க எந்த மாலையைச் சொல்லுதிய?”

“படத்துக்குப் போடுத மாலைதான்.”

“நான் சாயங்காலத்துல படம் எடுக்குதவ. அந்த மாலை.”

சுயம்புலிங்கம் கொட்டகையில் தொங்கிய பலகையை மறுபடி படித்தார். ‘மாலைப் படம் எடுக்கப்படும்.’ எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. தாய்மொழியே இப்படிக் காலை வாரிவிடும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

“மன்னிச்சிடுங்க. நாகர்கோவில்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தேன்” என்று எழுந்தார்.

“ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிய. இருங்க, கட்டன் சாயா குடிச்சிட்டுப் போகலாம்.”

அவர் உட்கார்ந்தார்.

ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சுயம்புலிங்கம் விவரம் தெரியாத ஆள் அல்ல. நாகர்கோவிலில் முப்பது வருஷமாக ஸ்டுடியோ வைத்திருப்பவர். பாஸ்போர்ட்டுக்கு, பரீட்சைக்கு, பெண் பார்க்க, பிள்ளைக்கு மொட்டை போட என்று ஊரில் பாதி முகங்களை அவர்தான் பிடித்து வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் சாத்திரம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. சொந்த மனைவியை உருப்படியாக ஒரு படம் எடுக்க அவருக்கு வரவில்லை.

“நீங்களே படக்காரரா!” என்றாள் கொரற்றி. “பெறவு என்னத்துக்கு அண்ணாச்சி என்கிட்ட?”

“எட்டுத் தடவை எடுத்துட்டேன். எட்டும் செத்த முகம்.”

“படம் வேணும்னு யாரு கேட்டா?”

“அவளேதான்.”

அவர் மனைவி தங்கபுஷ்பம் கேட்டது இப்படி. அவள் தம்பி இறந்தபோது வீட்டில் ஒரு படம் இல்லை. ரேஷன் கார்டில் இருந்த படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். அவன் பெற்ற மகளே அதைப் பார்த்து, இது யார் என்று கேட்டாள். அந்தக் கதி எனக்கு வேண்டாம், நீங்கள் படக்காரர்தானே, இப்போதே ஒன்று எடுத்து வைத்துவிடுங்கள் என்றாள்.

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அவருக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். புளி இவ்வளவு. மிளகு இந்த டப்பாவில். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போகக் கூடாது.

டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்று சொல்லியிருந்தார். தங்கபுஷ்பம் மனசுக்குள் மீதி ஐந்து பேரோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.

“எட்டுப் படத்தையும் காட்டினேன். நல்லா இருக்கு, இதையே வைங்கன்னு சொல்லிட்டா” என்றார் சுயம்புலிங்கம். “எனக்கு அதுதான் பயமா இருக்கு.”

கொரற்றி படங்களை வாங்கிப் பார்த்தாள். எட்டிலும் பட்டுச்சேலை, எட்டிலும் நெற்றிப் பொட்டு, எட்டிலும் ஒரே மாதிரி திறந்திருந்த கண்கள்.

“எடுக்கும்போது என்ன சொன்னிய?”

“எல்லாருக்கும் சொல்லுததுதான்.”

“அதுதான் என்ன?”

“முகத்தைத் தூக்கு. சிரி. அசையாதே.”

“அந்தப் பாறையில போய் உக்காருங்க.”

போய் உட்கார்ந்தார்.

கொரற்றி கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள். “முகத்தைத் தூக்குங்க.”

தூக்கினார்.

“சிரிங்க.”

சிரித்தார்.

“அசையாதீங்க.”

அசையவில்லை.

கொரற்றி கேமராவை இறக்கினாள். கொட்டகைக்குள் போனாள். அடுப்பு மூட்டினாள். தண்ணீர் வைத்தாள். தேயிலை போட்டாள். தெருவழியே போன ஒருத்தியைக் கூப்பிட்டுச் சாளை மீன் என்ன விலைக்குப் போனது என்று விசாரித்தாள். கட்டனை இரண்டு கிளாசில் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

சுயம்புலிங்கம் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார். கழுத்து வலித்தது. கன்னம் துடித்தது. ஒரு ஈ மூக்கில் வந்து உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தது.

“என்ன அண்ணாச்சி, இன்னும் அப்படியே இருக்கிய?”

“நீங்கதானே அசையாதேன்னு சொன்னிய?”

“சொன்னா?”

அவர் கிளாசை வாங்கிக்கொண்டார். முப்பது வருஷத்தில் அந்தச் சொல்லை எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம் என்று நினைத்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. கட்டனை ஊதி ஊதிக் குடித்தார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேற்கே பார்த்த கடற்கரை அது. வேன்களிலும் பைக்குகளிலும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லாரும் கடலைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். சுயம்புலிங்கமும் எழுந்துபோய் நின்றார். சூரியன் தாம்பாளத் தட்டு அளவில் இறங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் கொரற்றி நின்றாள். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“சூரியன் அந்தப் பக்கம்லா இருக்கு” என்றார் சுயம்புலிங்கம்.

“தெரியும். பதினாலு வருசமா முதுகுல சுடுது.”

“பாக்க மாட்டியளா?”

“அதைப் பாக்கத்தான் இவ்வளவு பேரு வந்திருக்காவளே.”

அவர் திரும்பினார்.

வரிசையாக முகங்கள். சுண்டல்காரர், காக்கிச்சட்டையோடு ஒரு போலீஸ்காரர், கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத ஜோடி, சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், கோபத்தில் வீட்டைவிட்டு வந்தவர்போல ஒரு நடுவயதுக்காரர். எல்லார் மேலும் ஒரே வெளிச்சம். போலீஸ்காரரின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கோபக்காரர் கோபத்தை மறந்துவிட்டிருந்தார். ஒருவரையும் யாரும் சிரிக்கச் சொல்லவில்லை.

சுயம்புலிங்கத்துக்குக் கண் கலங்கியது. கடல்காற்றில் உப்பு என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

சூரியன் தண்ணீருக்குள் போனது. கூட்டம் கைதட்டியது. வேன்கள் கிளம்பின. அவரும் வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

கொரற்றி அப்போதுதான் கேமராவைக் கையில் எடுத்தாள்.

“பொழுதுதான் போயிட்டுதே?”

“போகட்டும், நமக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கு” என்றாள் அவள். கிளம்பாமல் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலிப் பெரியவரிடம் போனாள். வெளிச்சம் இப்போது எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல், பால் ஊற்றியதுபோல எல்லாப் பக்கமும் ஒன்றாக இருந்தது. அவள் பெரியவரிடம் என்னவோ கேட்டாள். அவர் என்னவோ சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கடலைப் பார்த்தார். ஒரே ஒரு படம் எடுத்தாள்.

சுயம்புலிங்கம் அதை வாங்கிப் பார்த்தார். நல்ல வெளிச்சம், சரியான இடம், கண்ணுக்குள்ளே அந்திவானம் ஒரு பொட்டாக விழுந்திருந்தது. தொழில் தெரிந்தவர் என்பதால் பொறாமைப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“எனக்கும் சொல்லிக்குடுங்க டீச்சர்” என்றார்.

தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவளை டீச்சர் என்று கூப்பிட அவருக்குக் கூச்சமாக இல்லை.

“நாளைக்கு மைனியைக் கூட்டிட்டு வாங்க. கேமரா வேண்டாம்.”

“கேமரா இல்லாம எப்படி?”

“வேண்டாம்னு சொன்னேன்லா.”

மறுநாள் தங்கபுஷ்பம் வந்தாள். பட்டுச்சேலை, கல்வைத்த அட்டிகை, தலைநிறையப் பிச்சிப்பூ. யாரும் சொல்லாமலே பாறையில் போய் உட்கார்ந்தாள். முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்தாள். முகத்தைத் தூக்கினாள், சிரித்தாள், அதன்பின் அசையவில்லை. முப்பது வருஷம் படக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள் அல்லவா.

கொரற்றி படம் எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வலைக்கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

பொழுது அடைந்தது.

“படம்?” என்றாள் தங்கபுஷ்பம்.

“இன்னைக்கு இல்ல மைனி.”

பஸ்ஸில் வரும்போது அவள் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்ல ஆளைப் பிடிச்சிய. ஒரு மணிக்கூறு சிலை மாதிரி உக்கார வச்சுட்டு வலை தைக்கா.”

“நீ எதுக்கு ஆடாம அசையாம உக்காந்திருந்த?”

“இனி அதுதானே வேலை, பழகிக்கிடுதேன்.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். சுயம்புலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை அவர் திரும்பவில்லை.

அடுத்த நாள் போகமாட்டேன் என்றாள். அவர் கெஞ்சினார். சரி, ஆனால் பட்டுச்சேலை உடுத்தமாட்டேன் என்று சாதாரணச் சேலையில் வந்தாள். அன்று மேகம் மூடிக்கொண்டது. சூரியன் எந்த இடத்தில் இருக்கிறது என்றே தெரியவில்லை. கொரற்றி வறுத்த கடலை வாங்கிக்கொடுத்தாள். இரண்டு பெண்களும் மீன் குழம்புக்கு மாங்காய் போடுவதா புளி போடுவதா என்று சண்டை போட்டார்கள். சண்டை முடிவதற்குள் வானம் இருட்டிவிட்டது. படம் எடுக்காததைப் பற்றித் தங்கபுஷ்பம் கேட்க மறந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது.

கொரற்றி தன் கேமராவை எடுத்தாள். கொண்டுபோய்த் தங்கபுஷ்பத்தின் கழுத்தில் மாட்டினாள்.

“மைனி, நீங்க அண்ணாச்சியை ஒரு படம் எடுங்க.”

“நானா? எனக்கு எங்க தெரியும்?”

“முப்பது வருசம் அவியளுக்குச் சோறு போட்டிருக்கிய. இது தெரியாதா?”

சுயம்புலிங்கம் ஓர் அடி முன்னால் வந்தார். தன் கேமராவைத் தொட அவர் மனைவியை விட்டதே இல்லை. தூசி துடைக்கக்கூட விட்டதில்லை. கீழே போட்டுவிடுவாள் என்பார். போட்டுவிடுவாளோ என்று இப்போதும் கை நீண்டது. கொரற்றி பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டார்.

“எங்க நிக்கணும்?” என்று மனைவியிடம் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.

“அங்கே, தண்ணிப் பக்கமா. பின்னால சூரியன் தெரியணும்லா.”

இது கூடாது. புதிதாகக் கேமரா பிடிக்கிற எல்லாரும் செய்கிற தப்பு இது. பின்னால் சூரியன் நின்றால் முன்னால் நிற்கிற முகம் கரியாகத்தான் விழும். அவர் சொல்ல வாயெடுத்தார். கொரற்றி தலையை ஆட்டினாள். பேசாமல் போய் நின்றார்.

தங்கபுஷ்பம் கேமராவைக் கண்ணில் வைத்தாள். ஒரு கண்ணை மூடுவதற்குப் பதில் இரண்டையும் மூடினாள். மறுபடி ஒன்றைத் திறந்தாள். குரலை மாற்றிக்கொண்டாள். ஸ்டுடியோவில் முப்பது வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட குரல் அது.

“முகத்தைத் தூக்குங்க!”

அவருக்குச் சுருக்கென்றது. தூக்கினார்.

“சிரிங்க! பல்லு தெரிய வேண்டாம். பாஸ்போர்ட்டுக்குத்தானே?”

கொரற்றி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அசையாதீங்க! ஏய், அசையாதீங்கன்னு சொன்னேன்லா! அடுத்த ஆளு வெளிய நிக்குது!”

அவள் பொத்தானை அமுக்கினாள். படத்தைப் பார்த்தாள். பின்னால் தங்கத் தாம்பாளம். முன்னால், வேட்டி கட்டிய ஒரு கறுப்பு முருங்கைமரம்.

தங்கபுஷ்பம் சிரித்தாள்.

முதலில் வாய்க்குள். பிறகு அடக்க முடியவில்லை. “ஐயோ, அண்டங்காக்காய்! ஊரெல்லாம் போட்டோ எடுக்கேன்னு சொல்லிட்டு அலைஞ்ச ஆளுக்கு மூக்கும் இல்ல முழியும் இல்ல!” குனிந்து சிரித்தாள். நிமிர்ந்து சிரித்தாள். முந்தைய நாளின் கடலைத்தோல் ஒன்று சேலை மடிப்பிலிருந்து விழுந்தது.

சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்த சுயம்புலிங்கம் அவளைப் பார்த்தார்.

அவள் முகத்தில் ஒரு மறைப்பும் இல்லாமல் வெயில் விழுந்திருந்தது. முன்நெற்றி நரை பறந்தது. கேமராவின் பட்டை மூக்குக்குக் குறுக்கே கிடந்தது. ஒரு கண் பாதி மூடியிருந்தது. கீழ்வரிசையில் ஒரு பல் கோணல். இந்தப் பல் எப்போது கோணலாயிற்று? கல்யாணத்தன்றே கோணலாகத்தான் இருந்தது. ஒவ்வொரு படத்திலும் வாயை மூடு என்று சொல்லிச் சொல்லி அவரே அதை மறந்துபோயிருந்தார்.

அவருக்கு அவள்மேல் ஆசை வந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். இவள் போய்விடக் கூடாது என்று ஒரு பதற்றம் எழும்பியது. அந்தப் பதற்றத்தோடு ஒரு சந்தோஷமும் சேர்ந்து வந்தது.

கையில் ஏதோ தட்டுப்பட்டது. பார்த்தார். பக்கத்தில் கொரற்றி நின்றாள். தன்னிடமிருந்த இன்னொரு பழைய கேமராவை அவர் கையில் வைத்திருந்தாள்.

சுயம்புலிங்கம் எடுத்துக் கண்ணில் வைத்தார்.

ஒன்றும் சொல்லவில்லை.

பொத்தான் சத்தம் அலையில் கேட்கவில்லை. அவள் சிரித்து முடித்தபிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன, எடுத்திட்டியளா? எப்ப எடுத்திய? காட்டுங்க.”

காட்டினார். கொரற்றி வலையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள்.

“ஐயே! இது என்ன கோலம்? வாயைப் பாருங்க, கிணறு மாதிரி. கண்ணு ஒண்ணு இருக்கு, ஒண்ணக் காணல்ல.”

“நல்லா இருக்கு.”

“இதையா மாட்டப் போறிய? இதுக்கு மாலை போட்டா, துட்டி கேக்க வந்தவன் சிரிச்சிட்டுப் போவான்.”

“ஆமா. இதுக்கு மாலை போட முடியாது.”

“அப்ப அந்தப் பட்டுச்சேலை படமே இருக்கட்டும்.”

“அது இல்ல.”

“இல்லன்னா?”

“எட்டையும் கிழிச்சிட்டேன். கம்ப்யூட்டர்லயும் அழிச்சிட்டேன்.”

தங்கபுஷ்பம் அவரையே பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் கண்ணில் வந்து நின்றது.

“ஒம்போது நாளுல ஆபரேஷன். இப்ப படத்துக்கு நான் எங்க போவேன்? நாளைக்கே ஒண்ணு எடுத்திருங்க. ஒழுங்கா.”

“நாளைக்கு எடுக்க மாட்டேன்.”

“பெறவு எப்ப எடுப்பிய?”

“நீ ஆஸ்பத்திரியில இருந்து வந்த பெறவு. இங்கே வச்சு.”

சூரியன் போய்விட்டது. கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்தது. கொரற்றி சொன்ன அந்தக் கால் மணி நேரம் நடந்துகொண்டிருந்தது. தங்கபுஷ்பம் பாறையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். தன் சேலையைக் குனிந்து பார்த்தாள். கசங்கிய முந்தானையை நீவிவிட்டாள். கடலைப் பார்த்தாள். வெகு நேரம் என்னவோ கணக்குப் போட்டாள்.

“ஏங்க.”

“என்னட்டி?”

“மூத்த மவ தீபாவளிக்கு எடுத்துத் தந்த மாம்பழக் கலரு சேலை பெட்டியில அப்படியே கிடக்கு. இந்த வெளிச்சத்துக்கு அது நல்லா எடுக்கும்.”

“உடுத்துக்க.”

“எதை உடுத்த? அதுக்கு ஜாக்கெட்டே தைக்கல்ல. அந்தத் தையல்காரன் குடுத்தா ஒரு மாசம் ஆக்குவான்.” அவள் எழுந்து மணலைத் தட்டினாள். “சீக்கிரம் வாங்க, கடை அடைக்கதுக்குள்ள போயி இன்னைக்கே அளவு குடுத்திருவோம்.”